கோட்டியில் வீடியோ கேம் என்ன விலை?

எனக்கு எழுபத்தைந்து வயது. வளர்த்தது ஐந்து பேரை. பெற்றது மூன்று. மற்ற இரண்டும் என் கொழுந்தனார் பிள்ளைகள். படிக்கட்டும் என்று லால்குடியிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள், கல்யாணம் ஆகும்வரை எங்களோடுதான் இருந்தார்கள். ஐந்து பேரும் படித்தார்கள், ஐந்து பேரும் சம்பளம் வாங்குகிறார்கள். நான் இரண்டாம் வகுப்பு. அச்சில் பெரிய எழுத்தாக இருந்தால் கூட்டிக் கூட்டி வாசிப்பேன். கையெழுத்து என்றால் எறும்பு ஊர்ந்த மாதிரித்தான் தெரியும். ஆனால் எண் தெரியும். பஸ் நம்பர், பால் கணக்கு, துணிக்கடை விலை, எதிலும் யாரும் என்னை ஏமாற்றியதில்லை. போன ஞாயிற்றுக்கிழமைவரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் சொல்லச் சொல்ல என் பேத்தி நித்யா கம்ப்யூட்டரில் அடிக்கிறாள். இங்கிலீஷ் எழுத்தைத் தட்டினால் தமிழாக விழுகிறதாம். நல்லதுதான். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை, அவளுக்கும் லீவு.

எல்லாம் அவள் ஆரம்பித்துவைத்ததுதான். நான் இப்போது இருப்பது குகட்பள்ளியில், என் கடைசி மகள் சுதா வீட்டில். போன ஞாயிறு காலை நித்யா ஹாலில் உட்கார்ந்து டிவியில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். கையில் வீடியோ கேம் கருவி, மடியில் உப்புமாத் தட்டு. திரையில் இங்கிலீஷ் மாதிரி ஓர் எழுத்து, ஆனால் மேலேயும் கீழேயும் புள்ளியும் வாலும்.

"என்ன பாஷைடி இது?"

"டர்கிஷ், அம்மம்மா. நேனு இப்புடு டர்கீலோ உன்னானு."

துருக்கியில் இருக்கிறாளாம். தலையில் எண்ணெயும் நைட்டியுமாக. கேட்டால் விளக்கம் சொன்னாள். ஒரே விளையாட்டு, நம் ஊரில் வாங்கினால் ஒரு விலை, துருக்கியில் வாங்கினால் பாதி விலை. அதனால் அந்த மிஷினிடம், நான் துருக்கிக்காரி என்று சொல்லி வைத்திருக்கிறாள். அதுவும் நம்பிக்கொண்டிருக்கிறது. கொஞ்ச நாளாக அங்கேயும் விலையை ஏற்றிவிட்டார்களாம். அடுத்து எந்த தேசத்துக்குக் குடிபோகலாம் என்று சிநேகிதிகளோடு போனில் பெரிய ஆலோசனை.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அந்தக் கருவி வந்த அட்டைப்பெட்டியைப் பார்த்தேன். பெட்டிக்குள் வெள்ளைத் தெர்மோகோல். அதன் வாசனை இருக்கிறதே, அதைச் சொல்லத் தெரியவில்லை. வெயிலில் காய்ந்த புது வாளி மாதிரி ஒரு வாசனை. முகர்ந்தேன், ராமச்சந்திராபுரம் வந்துவிட்டது.

என் வீட்டுக்காரருக்கு அங்கே பெரிய தொழிற்சாலையில் வேலை, வெல்டர். கம்பெனி குவார்ட்டர்ஸ், இரண்டு அறை, முன்னால் ஒரு கொய்யா மரம். காலையில் கம்பெனி பஸ் எல்லோரையும் அள்ளிக்கொண்டு போய்விட்டால் தெருவில் பெண்களும் காக்கைகளும்தான். அப்போது எங்கள் தெருவில் ஒரு பழக்கம் இருந்தது. யார் வெளியூர் போனாலும் இதை வாங்கி வா, அதை வாங்கி வா என்று சொல்ல மாட்டோம். வாங்குவதற்கு எங்கே காசு? விலை கேட்டு வா என்றுதான் சொல்லி அனுப்புவோம். மிக்ஸி பம்பாயில் என்ன விலை, மெட்ராசில் என்ன விலை, இங்கே என்ன விலை. பக்கத்து வீட்டுத் தெலுங்குக்கார வதினா, நம் பேச்சில் அண்ணி, பம்பாயில் மகனைப் பார்த்துவிட்டு வந்தால் முதல் இரண்டு நாள் அவர் வாயிலிருந்து விலையாகவே கொட்டும். நாங்கள் அரிசி களைந்துகொண்டே கேட்போம். ஒரு பொருளையும் வாங்காமல் எல்லா ஊர்க் கடைக்குள்ளும் போய் வந்த திருப்தி.

அந்த வருஷம் பிள்ளைகள் வாயில் எல்லாம் வீடியோ கேம். டிவியோடு மாட்டி விளையாடுகிற பெட்டி. சுதாவுக்குப் பதினோரு வயது. பெரியவர்கள் நாலு பேரும் கிரிக்கெட், டியூஷன் என்று ஓடிவிடுவார்கள். இவளுக்குத்தான் அந்தப் பெட்டிப் பைத்தியம். ஒரே பெட்டி, எங்கள் பட்டணத்துக் கடைத்தெரு கோட்டியில் மூவாயிரத்து இருநூறு. பம்பாயில் இரண்டாயிரத்து எண்ணூறு. மெட்ராசில் துறைமுகத்துக்கு எதிர்க்கடைகளில் இரண்டாயிரத்து ஐந்நூறு, ஆனால் பில்லும் கிடையாது, மாற்றித் தரவும் மாட்டார்கள். மஸ்கட்டில் நம் காசுக்கு ஆயிரத்து நானூறு.

மஸ்கட் விலை எப்படித் தெரியும் என்றால், அவர் அங்கேதான் இருந்தார். மஸ்கட் பக்கம் கரண்ட் ஸ்டேஷன் கட்டக் கம்பெனி ஆள் அனுப்பியது. ஒரு வருஷம் என்று சொல்லித்தான் போனார். அப்புறம் ஆறு மாதம் நீட்டித்தார்கள். அப்புறம் இன்னொரு ஆறு மாதம்.

மாதம் இரண்டு கடிதம் வரும். நீலத் தாள், நாலாக மடித்து, பிரித்தால் சோப்பு வாசனை. சோப்புப் பெட்டிக்குள் தாளை வைத்திருப்பார் போல. "நலம், நலமறிய ஆவல்" முடிந்ததும் நேராக விலைக்குப் போய்விடுவார். தக்காளி இவ்வளவு, டேப் ரிக்கார்டர் இவ்வளவு, கம்பளி இவ்வளவு, பாப்பா கேட்ட வீடியோ கேம் இவ்வளவு. போன மாதத்துக்கு இரண்டு ரியால் குறைந்திருக்கிறது. சுதா வாசிப்பாள். எனக்கு அது போதுமாக இருந்தது. கம்பளி விலையைக் கேட்டால், அங்கே குளிர் வந்துவிட்டது என்று தெரிந்துகொள்வேன். தக்காளி விலை வந்தால், மெஸ் சாப்பாடு பிடிக்காமல் தானே சமைக்கிறார் என்று தெரிந்துகொள்வேன்.

பதிலுக்கு நாங்களும் விலை எழுத வேண்டும். அதற்காகவே மாதம் ஒரு தரம் நானும் சுதாவும் கோட்டிக்குப் போவோம். அப்போது ராமச்சந்திராபுரத்திலிருந்து கோட்டி என்பது பாதி நாள் பயணம். வழியெல்லாம் பாறை. யானை உட்கார்ந்த மாதிரி ஒன்று, அதன் தலையில் இன்னொன்று, எப்போது விழுமோ என்று பார்த்துக்கொண்டே போவோம், எதுவும் விழாது. கடை முழுக்க அதே தெர்மோகோல் வாசனை. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு டிவி ஓடிக்கொண்டிருக்கும். அதில் குருவி அளவு ஒரு விமானம் பறந்து பறந்து சுடும். சுதா கண்ணாடியில் மூக்கை வைத்து நிற்பாள். அவள் கட்டைவிரல் இரண்டும் காற்றில் தானாக அசைந்துகொண்டிருக்கும். நான் விலை கேட்பேன். கடைக்கார பாய் சொல்வார். "அப்புறம் வர்றோம்" என்று திரும்பிவிடுவோம்.

இரண்டு வருஷம் முடிகிற சமயம். சித்திரை வெயில். வாசலில் அவர் சைக்கிள் இரண்டு டயரும் காற்று இறங்கி நிற்கிறது. அப்போது ஒரு கடிதம் வந்தது. சுதா வாசித்தாள். இன்னும் ஆறு மாதம் நீட்டிக்கச் சொல்கிறார்களாம். மற்ற சாமானெல்லாம் வாங்கியாகிவிட்டது, பாக்கி வீடியோ கேம் ஒன்றுதான். நீட்டித்தால் அதையும் வாங்கிக்கொண்டு வந்துவிடலாம். கோட்டியில் இப்போது என்ன விலை என்று பார்த்து உடனே எழுது, அதைப் பார்த்துத்தான் மேனேஜரிடம் சொல்ல வேண்டும்.

வந்துவிடுங்கள் என்று ஒரு வரி எழுதச் சொல்லியிருக்கலாம். நான் சொல்ல மாட்டேன். பெற்ற தாயிடமே பசிக்கிறது என்று கேட்டுச் சாப்பிட்டவள் இல்லை நான். புருஷனிடம் போய், நீங்கள் இல்லாமல் முடியவில்லை என்று, அதுவும் பெண்ணை விட்டு எழுதச் சொல்வேனா? இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் சுதாவைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன்.

"கோட்டியில ஆயிரத்து இருநூறுன்னு எழுது."

"ம்மா! மூவாயிரத்து இருநூறு. நானும்தான கூட வந்தேன்?"

"நான் சொல்றத எழுது. விலை இறங்கிடுச்சு."

"எப்ப இறங்குச்சு?"

"இப்பத்தான்."

"அப்ப அப்பா அங்க வாங்காமலே வந்துடுவாரு."

"வரட்டும்."

"என் கேமு?"

"இங்க வாங்கிக்கலாம்டி."

"எவ்வளவுக்கு, மூவாயிரத்து இருநூறுக்கா?"

பாரேன், பதினோரு வயசு. அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்து போய்விட்டேன். பாலெல்லாம் இல்லை. வெறும் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பி வந்தபோது எழுதி முடித்திருந்தாள். எண் மட்டும் எனக்குத் தெரியுமே, தாளை வாங்கிப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, இரண்டு சுழியம். சரியாகத்தான் இருந்தது. அடியில் இன்னும் ஏதோ எறும்பு ஊர்ந்திருந்தது.

"இதென்ன நீளமா?"

"இப்படிக்கு தங்கள் அன்பு மகள். ஸ்கூல்ல அப்படித்தான் முடிக்கச் சொல்லிக் குடுத்தாங்க."

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. அவர் எழுதியதிலேயே சின்னக் கடிதம் அதுதான். "கோட்டி விலை தெரிந்தது. இனி இங்கே இருந்து லாபம் இல்லை. மாதக் கடைசியில் வருகிறேன்." சுதாவை அதை நாலு தரம் வாசிக்கச் சொன்னேன். ஐந்தாம் தரம் கேட்க வெட்கமாக இருந்தது.

வந்தார். துணிப்பெட்டி மேல் ஏர்போர்ட் சுங்கக்காரர் சாக்பீஸால் போட்ட பெருக்கல் குறி. வீடெல்லாம் சோப்பு வாசனை. கறுத்து இளைத்திருந்தார். சாப்பாடு போட்டேன். பத்து நாள் நிம்மதியாக இருந்தேன். இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை தலை சீவிக்கொண்டே சொன்னார்.

"கிளம்புங்க, கோட்டி போய் பாப்பாவுக்கு அத வாங்கிட்டு வந்துடலாம்."

எனக்குத் தலைவலி என்றேன். வெயில் என்றேன். பெண்ணுக்குப் பரீட்சை என்றேன். லீவு விட்டாச்சே என்றார். போனோம். பஸ்ஸில் பாறைகளைப் பார்த்துக்கொண்டே, ஒன்றாவது இன்றைக்கு உருண்டு ரோட்டை மறிக்கக் கூடாதா என்று வேண்டிக்கொண்டேன்.

கடைக்கார பாய் என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் விரித்தார். "ஹவ் அம்மா, ஃபிர் ஆயே? வஹீச் ரேட். தீன் ஹசார் தோ சௌ. கம் கரோ நக்கோ போலோ!" மறுபடி வந்தாயா, அதே மூவாயிரத்து இருநூறுதான், குறைக்கச் சொல்லாதே என்கிறார். மாதா மாதம் போனவள் ஆயிற்றே, நன்றாக ஞாபகம் வைத்திருந்தார்.

என் காது சுட்டது. சுதா தலையைத் தூக்கிக் கடை மின்விசிறியைப் பார்த்தாள். இவர் கண்ணாடிப் பக்கம் திரும்பி ரொம்ப நேரம் அந்த விமானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் திரும்பாமலே சொன்னார்.

"ஏறிடுச்சு போலருக்கு."

"எல்லாந்தான் ஏறுது," என்றேன்.

"போன வாரம்தான் ஏறுச்சுப்பா," என்றாள் சுதா.

அவ்வளவுதான். அப்புறம் இரானி ஹோட்டலில் டீயும் உப்பு பிஸ்கட்டும் வாங்கிக் கொடுத்தார். திரும்பும்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். வெளியே சாயங்கால வெயிலில் பாறையெல்லாம் செம்பு நிறம். பிழைத்தோம் என்று இருந்தது எனக்கு. அந்தப் பெட்டியை நாங்கள் வாங்கவே இல்லை. டவுன்ஷிப் வாசலில் ஒருவர் நாலு டிவி வைத்து, மணிக்கு இவ்வளவு என்று பிள்ளைகளை விளையாட விடுவார். ஞாயிற்றுக்கிழமை தோறும் இவரே சுதாவை சைக்கிளில் வைத்து அங்கே கூட்டிப் போவார். "இந்தக் காசைச் சேர்த்தாலே பொட்டி வாங்கிருக்கலாம்" என்று நான் கத்துவேன். அவர் காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

அவர் போய் ஒன்பது வருஷம் ஆகிறது.

இந்தக் கதையைத்தான் போன ஞாயிறு நித்யாவிடம் சொன்னேன். நீ மிஷினைத்தானே ஏமாற்றினாய், நான் மஸ்கட்டில் இருந்த ஆளையே ஏமாற்றினேன் என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். சுதா பக்கத்தில் லேப்டாப்பில் ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். மூடி வைத்துவிட்டாள்.

"அம்மா, இத இன்னும் எத்தன வருஷம் சொல்லிட்டிருப்ப? அந்த லெட்டர்ல அடியில நான் எழுதியிருந்தேன்."

"என்னன்னு?"

"அப்பா, மேலே இருக்கிற விலை பொய். உண்மை விலை மூவாயிரத்து இருநூறு. ஆனாலும் வந்துடுங்க. நான் கேம் கேக்க மாட்டேன்."

உப்புமா ஆறிப்போயிற்று என்று ஏதோ சொன்னேன். அவள் விடவில்லை.

"அப்பாதான் உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னாரு. அவ ஜெயிச்சதாவே இருக்கட்டும் பாப்பான்னு. ஞாயித்துக்கிழம அவரா கூட்டிட்டுப் போனாரு, நான் கேக்கவே இல்ல."

கேட்கவில்லைதான். இப்போது யோசித்தால், ஒரு தரம்கூட அவள் கேட்கவில்லை.

அன்றிலிருந்து எனக்கு வேலை ஒன்றும் ஓடவில்லை. உட்கார்ந்தால் கோட்டிக் கடைதான். அவர் கண்ணாடிப் பக்கம் திரும்பி நிற்கிறார். ஏமாந்துபோய் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்றல்லவா இத்தனை நாள் நினைத்திருந்தேன். இப்போது அவர் பின்னால் போய்க் கண்ணாடியில் விழுகிற முகத்தை எட்டிப் பார்க்கிறேன். அந்த விமானம் அவர் கன்னத்துக்குக் குறுக்கே பறக்கிறது. உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்குகிறார் மனுஷன். தூரத்தில் இருந்துகொண்டே எல்லாம் தெரிந்து, லாபம் இல்லை என்று எழுதிவிட்டு, வந்து, என் முகம் கோணாமல் பார்த்துக்கொண்டு, பஸ்ஸில் தூங்கவும் தூங்கியிருக்கிறார்.

கோட்டிக்குப் போகிற வழியில் இப்போது அந்தப் பாறைகள் இல்லை. வெடி வைத்து உடைத்து, அந்த இடத்திலெல்லாம் அடுக்கு அடுக்காக வீடு. அந்த பாய் கடை இல்லை, நாலு டிவிக்காரர் இல்லை, நீலத் தாளும் இல்லை. விலை கேட்டு வர யாரும் ஊருக்குப் போவதில்லை. எந்த தேசத்தில் எது என்ன விலை என்று நித்யா ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுகிறாள். இன்றைக்கு மாதிரி அப்போதும் இருந்திருந்தால், நான் ஆயிரத்து இருநூறு என்றதும் அவர் மஸ்கட்டில் கட்டிலில் படுத்தபடியே போனில் பார்த்துவிட்டு, "உனக்கு யாரோ தப்பா சொல்லிட்டாங்க" என்று சொல்லியிருப்பார். ஆறு மாதம் இருந்து அந்தப் பெட்டியை வாங்கிக்கொண்டு வந்திருப்பார். ஓர் ஊர் விலையை இன்னோர் ஊருக்குப் பொய்யாகச் சொல்லிப் புருஷனைக் கூப்பிட முடிந்த காலம் அது. அதன் அடியில் ஒரு சின்னப் பெண் ஒரு வரி சேர்க்கவும் இடம் இருந்தது.

சரி நித்யா, அடித்தது போதும். முதலிலிருந்து வாசி, கேட்கிறேன். அவசரம் வேண்டாம். அடியில் நீயாக ஏதாவது சேர்த்திருந்தால், அதையும் விடாமல் வாசி.