ஆலஞ்சேரி ஏரியில் கூப்பிட்ட பெயர்

பழனிவேல் குடிக்கிற ஆளில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இது நடந்ததும் ராத்திரியில் இல்லை. போன வைகாசியில், மண்டை பிளக்கிற வெயிலில். அவர் என்னிடம் இரண்டு முறை சொன்னார். இரண்டு முறையும் ஒரு வார்த்தை மாறவில்லை.

நெய்வேலியில் நிலக்கரி எடுத்து முடித்த பள்ளம் ஒன்று, தண்ணீர் நிறைந்து ஏரியாகக் கிடக்கிறது. தோண்டுவதற்கு முன் அங்கே ஆலஞ்சேரி என்று ஓர் ஊர் இருந்தது. இரண்டு தெரு, ஒரு மாரியம்மன் கோயில். ஊரைக் காலி பண்ணி, மண்ணோடு அள்ளியாயிற்று. அடியில் ஒரு செங்கல்கூடக் கிடையாது. அந்த ஏரிக்கரையில் பம்ப் பார்க்கிற கான்ட்ராக்ட் வேலை தங்கராசுவுக்கு. ஆலஞ்சேரியில் கடைசியாகப் பிறந்த பிள்ளை அவர்தான்.

மூன்று நாளாக அவர் பாதி ஷிப்டில் திரும்பி வந்துகொண்டிருந்தார். நாலாவது நாள் வேலைக்குப் போகாவிட்டால் கேட் பாசைப் பிடுங்கிவிடுவார்கள். மூன்றாம் நாள் சாயங்காலம், தன்னைப் போலவே மந்தாரக்குப்பத்தில் குடியிருந்த பழனிவேல் வீட்டுக்கு வந்தார்.

“மச்சான், காய்ச்சலா இருக்குது. நாளைக்கி மட்டும் என் பாசுல நீ போயேன்.”

“போட்டோவப் பாத்தா?”

“அது வெளுத்து மூணு வருசமாவுது. எம் மூஞ்சியா, எருமை மூஞ்சியான்னு எனக்கே தெரியல.” சிரித்தவர் சட்டென்று நிறுத்தினார். “கேட்டுல பேரு கூப்ட்டா குரல் குடு. ஏரிகிட்ட... பேசாத. வேலையப் பாரு.”

காலை ஆறு மணி. கேட்டில் “தங்கராசு” என்றார்கள். “இருக்கேங்க” என்று பழனிவேல் உள்ளே போனார். பத்து மணிக்கு சூப்பர்வைசர் தூரத்தில் கரைமேல் நின்று கூப்பிட்டார். “இருக்கேங்க.” பன்னிரண்டுக்கும் அப்படியே. நாக்கு பழகிவிட்டது.

மணி 1.12. பம்ப் தானாக நின்றது. கரண்ட் இருந்தது. விளக்கு எரிந்தது. மோட்டார் மட்டும் ஓடவில்லை.

தண்ணீர்ப் பக்கமிருந்து கருவாடு வதக்குகிற வாசனை வந்தது. சுற்றிலும் ஒரு வீடு கிடையாது...

மணி 1.15.

“தங்கராசு...”

“இருக்கேங்க.”

சொன்ன பிறகுதான் திரும்பினார். கரைமேல் யாருமில்லை. அது பெண்குரல். ஏரிக்குள்ளிருந்து வந்தது.

சளக்... சளக்...

முழங்கால் தண்ணீரில் நடக்கிற சத்தம். அங்கே ஆழம் எழுபதடி.

கிட்டே வந்தது. கரையேறியது.

சிமெண்டில் ஈரக்கால் தடங்கள். ஒன்று... இன்னொன்று...

அவரிடம் நிற்கவில்லை. தாண்டிப் போயின. மந்தாரக்குப்பம் பக்கமாக.

அதற்கு வேண்டியது அவரில்லை.

இடுப்பில் ஒளித்து வைத்திருந்த போனை எடுத்து தங்கராசுவைக் கூப்பிட்டார். 1.19. அவர் மனைவி மலர்கொடி எடுத்துப் பேசினாள்.

“மலரு! அவன வெளிய வுடாத! கதவச் சாத்து!”

“என்னாண்ணா? இப்பத்தான் ஏந்து வாசலுக்குப் போறாரு...”

“ஓடிப் புடி!”

போனில் தாழ்ப்பாள் திறக்கிற சத்தம்.

சளக்...

அவ்வளவுதான்.

கேட்டுக்கு ஓடினார். மூன்று நாளாகப் பாதியில் போன தங்கராசு என்று நினைத்து, இன்றைக்கு ஷிப்ட் முடியாமல் விட மாட்டோம் என்றார்கள். கெஞ்சினார். அழுதார். இரண்டு மணி வரை உள்ளேயே நின்றார்.

அவர் போய்ச் சேர்ந்தபோது தங்கராசு வாசற்படியில் குப்புறக் கிடந்தார். உயிர் இல்லை. உடம்பில் ஒரு காயமும் இல்லை. டாக்டர் மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார்.

காரியம் முடிந்த அன்று மலர்கொடி சொன்னாள்.

“காய்ச்சல்லாம் இல்லண்ணா. மூணு நாளா ஏரிக்குள்ளேருந்து பேரு சொல்லிக் கூப்புடுதுன்னாரு. ‘நான் வாயத் தொறக்கல, தொறக்காத வரிக்கும் அது கரையேறாது’ன்னாரு. அன்னிக்கி சோறு துன்னுகினே இருந்தவரு, ஒண்ணே காலுக்குத் திடீர்னு நிமுந்தாரு. ‘நான் பேசலியே மலரு... யாரு பதில் சொன்னது?’ன்னாரு.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

“அங்க நீதான இருந்த... யாருண்ணா சொன்னது?”