அவளுக்காக நான் எழுதிய பதில்

1. நானும் அவளும் பல்கலைக்கழகத்தில் ஒன்றாகக் கணினி படித்தோம்.
2. முடித்த வருடம் அவள் ஒரு சிறு கருவி எழுதினாள். இணையம் இடையில் அறுந்தால் ஒரு மென்பொருள் எப்படித் தடுமாறும் என்பதை முன்கூட்டியே சோதிக்கும் கருவி. தேற்றாத்தீவில் அவள் வீட்டில் அடிக்கடி அறுந்துபோகும் சிக்னலுக்கு அது அவளுக்கே தேவைப்பட்டது.
3. யாரும் இலவசமாக எடுக்கலாம் என்று வெளியிட்டோம். அதைப் பற்றி ஆங்கிலத்தில் கட்டுரை எழுதியது நான்.
4. கட்டுரையைப் படித்த வெளிநாட்டு நிறுவனமொன்று எங்களுக்கு எழுதியது.
5. நான் பதில் எழுதினேன்.
6. எனக்கு வேலை கிடைத்தது.

ஐந்தாவதைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

கருவிக்கென்று ஒரு மின்னஞ்சல் பெட்டி வைத்திருந்தோம். கடவுச்சொல் இருவருக்கும் தெரியும். ஆனாலும் கடிதங்கள் என் பாடு. "வெள்ளக்காரரோட நீ கதை கா, எனக்கு வாய் வராது. பிழை வந்தா நான் திருத்துறன்" என்பாள். 'கா' என்பது எங்கள் பக்கத்தில் தோழியைக் கூப்பிடும் சொல்.

நிறுவனம் இருவரையும் வேலைக்குக் கேட்டிருந்தது. அவள் கருவியை வளர்க்க வேண்டும், நான் அதைப் பற்றி எழுத வேண்டும். அந்த மாதம் அவளுக்குக் கலியாணப் பேச்சு நடந்தது. "கொஞ்ச நாளைக்கு என்னக் கரைச்சல்படுத்தாத கா, வீட்ட ஆக்கள் வந்து போறாங்க" என்று சொல்லியிருந்தாள். அதனால் அவளிடம் கேட்காமலே எழுதினேன். எனக்குச் சம்மதம், அவள் வீட்டில் கேட்க வேண்டும், இப்போது சொல்வது கடினம்.

எங்கள் பக்கத்தில் முதல் தடவை கேட்டதும் யாரும் ஓம், சம்மதம் என்பதில்லை. வீட்டில் கேட்க வேண்டும் என்றால் கொஞ்சம் பொறுத்து மறுபடி கேட்பார்கள். நிறுவனம் மறுபடி கேட்கவில்லை. புரிந்துகொள்கிறோம், அவருக்கு எங்கள் வாழ்த்துகள் என்று இரண்டு நாளில் எழுதிவிட்டார்கள்.

இல்லை, அவள் மறுக்கவில்லை என்று இன்னொரு வரி எழுதியிருக்கலாம். எழுதாததற்கு அப்போது என்னிடம் மூன்று காரணங்கள் இருந்தன. சம்பந்தம் குழம்பக் கூடாது. முதலில் என் வேலை உறுதியாகட்டும். உள்ளே போனபின் அவளை எடுத்துவிடலாம். நாலாவதை நான் எனக்கே சொல்லவில்லை. கருவியைச் செய்தவள் பக்கத்தில் இருந்தால், அதைப் பற்றி எழுதுகிறவளை யார் பார்ப்பார்கள்?

வேலையில் வளர்ந்தேன். மென்பொருள் எழுதுகிறவர்களிடம் 'அற்புதம்', 'புரட்சி' போன்ற சொற்கள் எடுபடாது. பிழையைக் காட்ட வேண்டும், தீர்வைக் காட்ட வேண்டும், நகலெடுத்து ஓட்டிப் பார்க்க இரண்டு வரி நிரல் தர வேண்டும். மிகைப்படுத்தாமல் எழுதுகிறவள் என்று எனக்குப் பெயர் வந்தது. அவளுடைய கருவியின்மேல் நிறுவனம் தன் பொருளைக் கட்டியது. அதை வளர்க்க வேறு நாட்டில் வேறொருவரை எடுத்தார்கள்.

போன மாதம் யாரோ அவள் கருவியில் ஒரு பிழை சொல்லியிருந்தார்கள். அதைத் தேடி அவள் பழைய மின்னஞ்சல் பெட்டியைத் திறந்திருக்கிறாள். சனிக்கிழமை என்னை வீட்டுக்கு வரச் சொன்னாள். போய் உட்கார்ந்ததும் லேப்டொப்பை என் பக்கம் திருப்பினாள். திரையில் நான் எழுதிய அந்தப் பதில்.

"இது நான் சொன்னதா கா?"

"உனக்குக் கலியாணம் பேசிட்டு இருந்தாங்க..."

"பேசினா? கட்டினாலும் நான் எங்க போகப்போறன்? அவர்தானே இஞ்ச வாறது. இந்த அறையில இருந்து செய்யிற வேலைதானே இது?"

உண்மைதான். எங்கள் ஊரில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அது எனக்குத் தெரியாததல்ல.

"உன்ன மட்டும்தான் கேட்டாங்க எண்டு நினைச்சன். சந்தோசத்தில அம்மாட்டச் சொல்லி உனக்குப் புட்டும் மீன்கறியும் கட்டித் தந்துவிட்டன், ஞாபகமா?"

நான் லேப்டொப்பை மூடினேன்.

"நல்லா எழுதுவாய் கா நீ. இல்லாதத இருக்கிற மாதிரி எழுதுறதுதான் உங்கட வேலை எண்டு நினைச்சன். இருந்தத இல்லாம ஆக்கியும் எழுதுவியள்போல."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பிறகு உள்ளே போய்விட்டாள். தேநீர் கொண்டுவந்து வைத்தது அவளுடைய கணவர்.

திங்கட்கிழமை நடந்ததையெல்லாம் என் மேலாளருக்கு எழுதினேன். நேர்மைக்கு நன்றி சொன்னார். கருவியை வளர்க்கும் பிரிவில் இப்போது ஆள் எடுப்பதில்லை என்றார்.

நான் இப்போது சந்தைப்படுத்தல் பிரிவுக்குப் பொறுப்பு. அவள் களுவாஞ்சிக்குடியில் உயர்தரப் பரீட்சை எழுதும் மாணவர்களுக்குக் கணினிப் பாடம் ரியூசன் எடுக்கிறாள். அந்தப் பிழையைத் திருத்தி வெளியிட்டிருக்கிறாள். மின்னஞ்சல் பெட்டியின் கடவுச்சொல்லை மாற்றிவிட்டாள். என் அழைப்புகளை எடுப்பதில்லை.