நயினாதீவுக்கு அன்றும் படகு ஓடியிருக்கிறது

கடந்த ஆவணியில் ரொறன்ரோவிலிருந்து பன்னிரண்டு நாள் விடுமுறையில் யாழ்ப்பாணம் போனேன். அதில் நயினாதீவுக்கு ஒதுக்கியது ஒரே ஒரு நாள். 2020 ஊரடங்கின்போது என் அண்ணை அங்கேதான் மாரடைப்பில் இறந்தார். வயது ஐம்பத்தாறு. செத்தவீட்டுச் சடங்கைத் தொலைபேசியில்தான் பார்த்தேன். அதன்பின் ஐந்து வருடம் போகாமலிருந்ததற்கு வேலையைச் சாட்டிக்கொண்டிருந்தேன்.

யாழ்ப்பாணத்தில் காலை ஆறே முக்காலுக்கு, நயினாதீவுப் படகு வெளிக்கிடும் குறிகட்டுவான் துறைக்குப் போகும் பஸ்ஸில் ஏறினேன். ஏறக்குறைய முப்பத்தைந்து கிலோமீற்றர், ஒன்றேகால் மணித்தியாலம், 170 ரூபாய். (சில்லறையோடு ஏறுங்கள். என் ஐயாயிரம் ரூபாய்த் தாளைக் கொண்டக்டர் பார்த்த பார்வை எனக்குப் போதும்.) வேலணை தாண்டியதும் வீதியின் இரண்டு பக்கமும் கடல் வரும். யன்னலோரம் பிடித்துக்கொள்ளுங்கள்.

படகுக்கு நூறு ரூபாய், இருபது நிமிட ஓட்டம். உள்ளே டீசல் மணம் தாங்க ஏலாது என்பதால் மேலே படகோட்டிக்குப் பக்கத்தில் நின்றேன்.

“கொரோனா நேரம் படகே ஓடேல்லை, என்ன அண்ணை?” என்று கேட்டேன்.

“ஆர் சொன்னது? கோயிலுக்கு வாற சனத்தைத்தான் ஏத்தேல்லை. ஆஸ்பத்திரிக்குப் போற வருத்தக்காரருக்கு ஓடினனாங்கள். சனம்தான் வரேல்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் கொரோனா தொத்தும் எண்டு பயம். பிரஷர்காரர் கிளினிக்கையும் விட்டு, மருந்துக் குளிசையையும் விட்டிட்டினம். நெஞ்சுநோவிலை வீட்டிலையே போனவை, எனக்குத் தெரிய மூண்டு பேர். ஒருத்தருக்கும் கொரோனா இல்லை.”

அவர்களில் ஒருவர் என் அண்ணை என்று நான் சொல்லவில்லை. படகு இல்லாமல்தான் அவர் செத்தார் என்று எனக்கு நானே சொல்லித்தான் இவ்வளவு காலமும் நித்திரை கொண்டிருக்கிறேன்.

இறங்குதுறையிலிருந்து வீடு பதினைந்து நிமிட நடை. அண்ணையின் மனைவியை நான் மச்சாள் என்றுதான் கூப்பிடுவேன். தேத்தண்ணி தந்துவிட்டு எதிர்க் கதிரையில் இருந்தார். சொல்ல வந்ததைச் சொன்னேன். அன்று காலை அண்ணையோடு கதைத்தபோது, நெஞ்சு இறுக்குது, இடக்கை உளையுது என்றார். கனடாவில் நாள்தோறும் சாவுச் செய்தி பார்த்துக்கொண்டிருந்த நான், “வாய்வா இருக்கும். இப்ப ஆஸ்பத்திரிக்குப் போனால் கொரோனாதான் வரும். வீட்டிலையே இருங்கோ” என்றேன்.

“தெரியும் தம்பி,” என்றார் மச்சாள். “பக்கத்திலைதான் நிண்டனான். நீர் போன் எடுக்கேக்கை அவர் சேர்ட்டும் போட்டு, கிளினிக் கொப்பியும் கையுமா வாசலுக்கு வந்திட்டார். நீர் சொன்னாப் பிறகு, ‘அவன் வெளிநாட்டிலை இருக்கிறவன், அவனுக்குத் தெரியும்’ எண்டு சேர்ட்டைக் கழட்டினவர். பின்னேரம் மூண்டு மணிக்கு முடிஞ்சுது.”

இது எனக்குத் தெரியாது. அண்ணை ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிட்டிருந்தது தெரியவே தெரியாது. மன்னிப்புக் கேட்டேன்.

“அதை வாங்கி நான் என்ன செய்ய?” என்றார். “நானும் போங்கோ எண்டு சொல்லேல்லைத்தானே. எனக்கும் பயம்.”

சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். சாப்பிடாமலே எழும்பினேன். மத்தியானப் படகில் திரும்பிவிட்டேன்.

போகிறவர்கள் தொப்பியும் தண்ணீரும் கொண்டுபோங்கள். கடைசிப் படகின் நேரத்தை இறங்கும்போதே கேட்டுவையுங்கள்; அது மாறும். நாள்தோறும் போடும் குளிசைகளைக் கைப்பையிலேயே வைத்திருங்கள்.

ஊரிலிருந்து யாராவது நெஞ்சு நோகிறது என்றால், தூரத்திலிருந்து வைத்தியம் சொல்லாதீர்கள். உடனே வெளிக்கிடச் சொல்லுங்கள். என் அண்ணைக்கு அதைக்கூட யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அன்று நான் பேசாமல் இருந்திருந்தாலே போதும்.