மரணக் கிணற்றில் ஏறிய என் வண்டி

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. அப்பாவின் தொழிற்சாலை வேலையால் ஆவடி குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். நான் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு, மண்ணூர்பேட்டையில் ஒரு கம்பெனியில் டிராயிங் பிரிவில் வேலை பார்த்துவந்தேன்.

எனக்கும் அண்ணனுக்கும் அப்போது ஆளுக்கொரு பழைய பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள் இருந்தது. வாங்கியவை அல்ல, நாங்களே சேர்த்தவை. வண்டியின் இரும்புச் சட்டம், ராணுவ ஏலத்தில் போன இரும்புக் குவியலிலிருந்து. என்ஜின், வேலப்பன்சாவடியில் கோழி அடைந்த ஒரு கொட்டகையிலிருந்து. டேங்க், யாரோ தண்ணீர் ஊற்றி வைத்திருந்தது. சட்டமும் என்ஜினும் வெவ்வேறு வண்டியுடையவை என்பதால் ஒன்றோடொன்று சேரவில்லை. இரண்டையும் பிடித்து நிறுத்தும் இரும்புப் பிளேட்டுகளை நானே வரைந்து, வெட்டி, அரம் போட்டேன். இரண்டு வண்டிக்கும் ஒரே டிராயிங். என் வண்டியில் மட்கார்டைக் கழற்றி, ஹேண்டில்பாரைக் குறுக்கி, என் உயரத்துக்கு சீட்டையும் தாழ்த்தியிருந்தேன். காலையில் உதைத்துக் கிளப்பினால் நிதானமாகத் துடிக்கும். ஜன்னல் கம்பிகள் கூடவே அதிரும். அம்மாவுக்கு அவை எருமைகள். "ரெண்டையும் குளிப்பாட்டி முடிச்சாச்சுன்னா சாப்பிட வாங்க" என்பார்.

பக்கத்து மைதானத்தில் பொருட்காட்சி போட்டிருந்தார்கள். அதில் மரணக் கிணறும் இருந்தது. பலகைகளால் அடித்த பெரிய வட்டக் கிணற்றின் செங்குத்துச் சுவரில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவார்கள். ஜனங்கள் மேலே விளிம்பில் நின்று பார்ப்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், அதில் ஓட்டும் பெண் எங்கள் வாசலில் வந்து நின்றார். முப்பத்தைந்து வயதிருக்கும். மெல்லிய வாயல் புடவை, தலையில் கனகாம்பரம்.

"இங்கிலீஷ்காரன் வண்டி வெச்சிகினு கீற பொண்ணு நீதானா? என்னுது காலைல ஷோல என்ஜின் வெடிப்பு உட்டுச்சி தங்கச்சி. பின்னால ஸ்ப்ரிங் கீற வண்டி சொவுத்துல ஆடும். ஸ்ப்ரிங் இல்லாத வண்டி இந்தப் பக்கம் உங்க ஊட்லதான் கீதுன்னு பஞ்சர் கடையில சொன்னாங்கோ."

மாலை ஷோவுக்கு ஓட்டாவிட்டால் காண்ட்ராக்டர் கிணற்றை மறுநாளே வேறு குழுவுக்குக் கொடுத்துவிடுவாராம். அந்தப் பெண்ணின் குழுவுக்கு அந்த ஒரு கிணறுதான் பிழைப்பு.

"மேலேர்ந்து விழுந்தா வண்டி என்னத்துக்கு ஆகும்?" என்றான் அண்ணன்.

என் கவலை வண்டியைப் பற்றியது அல்ல. எதையும் வரிசை போட்டு யோசிப்பது என் பழக்கம். வட்டம் எவ்வளவு, வேகம் எவ்வளவு, என்ஜின் எடை எவ்வளவு என்று மனம் ஓடியது. சுவரில் சுற்றும்போது எல்லாமே பல மடங்கு கனக்கும். என் பிளேட்டுக்கு நான் போட்ட கணக்கு ரோட்டுக்கானது. அது விட்டுப்போனால் என்ஜின் சாயும், செயின் சிக்கும், பின்சக்கரம் நின்றுவிடும். அந்தப் பெண் பலகையிலிருந்து கீழே வருவார்.

அப்படியே அவரிடம் சொன்னேன். "நான் செஞ்சதுதான்க்கா. ஆனா தாங்கும்னு என்னால சொல்ல முடியல."

அவர் சிரித்தார். "வண்டி குடுக்குறவன் எவனும் இந்தப் பேச்சு பேசுனதே இல்ல. எல்லாம் சூப்பரா ஓடும்பானுங்கோ. சொல்லு, தாங்கறதுக்கு இன்னா பண்ணணும்?"

பிளேட் இப்போதிருப்பதைப் போல இரண்டு மடங்கு தடிமன் வேண்டும். அன்று கம்பெனி பூட்டியிருக்கும். புதிதாக வெட்ட வழியில்லை. அதையும் சொன்னேன். அண்ணன் எழுந்து தன் வண்டியருகே போய் உட்கார்ந்தான். ஸ்பேனர் சத்தம் கேட்டது.

"ஒரே டிராயிங்தானே? ஓட்டையெல்லாம் ஒண்ணாத்தானே இருக்கும்? என்னுதை உன்னுது மேல வெச்சு முடுக்கு. பாத்துக்கிட்டு நிக்காத, நீள போல்ட்டா தேடு."

அவன் வண்டி என்ஜின் தொங்க நின்றது. அதன் பிளேட்டுகள் என் பிளேட்டுகளின் மேல் ஏறின. நான் முடுக்கிய ஒவ்வொன்றையும் அண்ணன் சரிபார்த்தான். அவன் பார்த்ததை நான் மறுபடி பார்த்தேன். அந்தப் பெண் படியில் உட்கார்ந்து அம்மா கொடுத்த காபியைக் குடித்தபடி, "எருமை நல்லாத்தான் கீதும்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மாலையில், "நீ மேல நிக்காத, உள்ள வா" என்று அந்தப் பெண் என்னைக் கிணற்றின் நடுவில் நிறுத்தினார். இப்போது பேன்ட், சட்டை. கனகாம்பரம் மட்டும் அப்படியே இருந்தது. கிளப்பினார். அடியிலுள்ள சரிவில் இரண்டு சுற்று. பிறகு சட்டென்று சுவரில் ஏறினார்.

பலகைகள் ஒவ்வொன்றும் குதித்தன. சத்தம் காதில் அல்ல, நெஞ்சுக்குள் கேட்டது. ரயில்வே கேட்டில் இருமி நின்றுபோகும் என் வண்டி, அந்தரத்தில் பக்கவாட்டில் படுத்துக்கொண்டு, இதுதான் தன் ரோடு என்பதுபோல ஓடியது. அது என் கையால் ஆனது என்று நினைக்கவே கூச்சமாக இருந்தது. நானும் கூடவே சுற்றிச் சுற்றித் திரும்பி, செயினையும் பிளேட்டையும் மட்டுமே பார்த்தேன். அவர் கைகளை விட்டுவிட்டு ஓட்டினார் என்பது மேலிருந்து வந்த கூச்சலில்தான் தெரிந்தது. பிளேட் அசையவில்லை.

இறங்கி வந்து, வேர்வையைத் துடைத்தபடி கேட்டார்: "வண்டியப் பாத்தியா, என்னியப் பாத்தியா?"

"வண்டியத்தான்க்கா பாத்தேன்."

"அப்டிதான் பாக்கணும். என்னியப் பாக்கத்தான் மேல இத்தினி பேரு கீறானுங்களே!"

தன் வண்டி சரியாகும்வரை என்னுடையதை வைத்திருந்து, துடைத்துப் பளபளப்பாகத் திருப்பிக் கொடுத்தார். அதன் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. குவார்ட்டர்ஸைக் காலி செய்தபோது இரண்டு வண்டிகளையும் விற்றுவிட்டோம். தாங்கும் என்று நான் உறுதி சொல்லியிருந்தால் அந்தப் பெண் என்னையும் வண்டி கொடுத்த மற்றவர்களோடு சேர்த்திருப்பார்; சொல்ல முடியவில்லை என்றதால்தான் தன் உயிரை என் கையில் கொடுத்தார் என்பதை, இத்தனை நாள் கழித்து நினைத்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.