மயக்க டாக்டரம்மா

என் கெண்டைக்கால்களைப் பார்த்து ஊரே மெச்சும். பயில்வானுக்கு இருப்பதுபோல் உருண்டு திரண்டிருக்கும். என்ன பிரயோஜனம், குதிகால் தரையில் படாது; நுனிக்காலில் நடந்து அடிக்கடி விழுவேன். ஆப்பரேஷன் செய்தால் குதிகால் இறங்கிவிடும் என்றார்கள். மலைமேல் இருக்கும் எங்கள் புதூர்நாட்டிலிருந்து ஜீப் பிடித்து, அம்மா என்னைக் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

பக்கத்துக் கட்டில் பையன் எனக்கு ஆசை காட்டிவிட்டான். மூக்கில் ஒரு மூடி வைப்பார்களாம், பழவாசனை வருமாம், மூச்சு விட்டால் பலூன் உப்புமாம், அப்படியே தூங்கிவிடலாமாம். அந்தப் பலூனுக்காகவே ஆப்பரேஷன் எப்போது என்று துடித்துக்கொண்டிருந்தேன்.

முந்தின நாள் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா வந்தார். சிரிக்கவே தெரியாத மாதிரி ஒரு முகம்.

“தரையில உக்காந்து எழுந்திரு கண்ணா.”

வழக்கம்போல் கைகளைத் தொடையில் ஊன்றி, என்மேல் நானே ஏறுவதுபோல எழுந்தேன். அவ்வளவுதான், அவர் முகம் மாறிவிட்டது. அம்மாவிடம் திரும்பினார்.

“உங்க கூடப் பொறந்த ஆம்பளைங்க யாருக்காவது இப்படி இருந்துச்சாம்மா?”

“எனக்குக் கூடப் பொறந்தவங்களே இல்லீங்க.”

எனக்குப் பொறுக்கவில்லை. “இன்னாம்மா, ஆயா வூட்ல பொங்கலுக்கு மாமாவுக்குச் சாமைச்சோறு படைக்கிறமே!”

அம்மா என் தொடையைக் கிள்ளினாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “இதே மாதிரி காலுக்குத்தாங்க. மயக்கம் குட்த்தாங்க. எழுந்திருக்கவே இல்லீங்க.” அவளுக்கு வரன் தட்டிப்போகும் என்று தாய்வீடே மூடிவைத்திருந்த சாவு அது.

ஆப்பரேஷன் தள்ளிப்போனது. இரத்தம், இதயம் எல்லாம் சோதித்தார்கள். தசை சிதையும் நோயாம். திரண்ட கெண்டைக்காலும் அதன் வேலைதானாம். வழக்கமான மயக்க வாயு என் போன்ற பிள்ளைகளின் தசையைச் சிதைத்து இதயத்தையே நிறுத்திவிடக்கூடும் என்று வெகுகாலம் கழித்துத்தான் படித்தேன். நான் எழுந்து நின்ற விதத்தைப் பார்த்தே ஒருவர் அதைக் கண்டுகொண்டார் என்பதை நினைத்தால், சக்கர நாற்காலியில் இருந்து இதை எழுதும் இன்றும் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

அன்று தெரிந்ததெல்லாம், உளறியதற்குத் தண்டனையாகப் பலூன் போய்விட்டது என்பதுதான். சோதனையெல்லாம் முடிந்து ஆப்பரேஷன் நடந்தபோது, கையில் ஊசி போட்டுத் தூங்கவைத்தார்கள்.

கண் விழித்தபோது டாக்டரம்மா என் நெஞ்சில் கை வைத்து, அது ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார். வேலைவெட்டி இல்லாதவர்போல வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். கடைசியில், “இனிமே பயமில்லம்மா” என்று எழுந்தார். அம்மா தடாலென்று அவர் காலில் விழுந்தாள்.

காலை அறுத்துத் தைத்தவர் வேறு டாக்டர். இவர் வெறுமனே தூங்கத்தானே வைத்தார், ஆள் தெரியாமல் விழுகிறாளே என்று எனக்கு வெட்கமாகப் போயிற்று.