ஒன்று குறைந்த எண்ணிக்கை

எங்கள் ஆய்வகத்தில் அவரை எல்லோரும் 'நாற்பத்தாறு அக்கா' என்றுதான் கூப்பிடுவோம். இருபத்திரண்டு ஆண்டுகளாக மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்துக் குரோமோசோம் எண்ணுவதே அவருக்கு வேலை. வருகிற ரத்தத்தை மூன்று நாள் வளர்த்து, செல்கள் இரண்டாகப் பிரியப்போகும் நேரம் பார்த்து மருந்து விட்டு நிறுத்தி, ஸ்லைடில் பரப்பி எண்ண வேண்டும். ஓர் ஆளுக்கு இருபது செல்; ஒவ்வொன்றிலும் நாற்பத்தாறு குரோமோசோம் இருக்க வேண்டும். கழுத்து பிடித்துக்கொள்ளும், கண் எரியும். "எண்ணி எண்ணியே என் ஆயுசு போயிடும்போல" என்பார், அடுத்த ஸ்லைடை எடுத்துக்கொண்டே.

அவருடைய தம்பி மனைவிக்கு மூன்று முறை கரு கலைந்தது. வீட்டில் அம்மா மருமகளைக் குத்திக்காட்டாத நாளே இல்லை. "இவ உடம்புல நிக்க மாட்டேங்குது" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். நாளெல்லாம் எண்ணிவிட்டுப் போனால் அக்காவுக்கு இந்தப் பஞ்சாயத்து வேறு. ஒருநாள் பொறுக்க மாட்டாமல் தம்பியையும் அவன் மனைவியையும் ஆய்வகத்துக்கே அழைத்து வந்து ரத்தம் எடுத்தார்.

மனைவிக்கு நாற்பத்தாறு. தம்பிக்கு நாற்பத்தைந்து. அக்கா நம்பாமல் முப்பது செல் எண்ணினார். பிறகு ஸ்லைடை என்னிடம் தள்ளி, "நீ பாரு. எனக்குக் கண்ணு இருட்டுது" என்றார். எனக்கும் நாற்பத்தைந்துதான் வந்தது. எதுவும் தொலைந்துபோகவில்லை; இரண்டு குரோமோசோம்கள் ஒன்றாக ஒட்டிக்கொண்டிருந்தன.

அன்று மாலை தம்பியை உட்காரவைத்துச் சொன்னார்.

"எனக்கு வியாதியா அக்கா?"

"உனக்கு ஒண்ணும் இல்லடா. உடம்புல ஒரு செல் பிரியறப்போ எல்லாத்தையும் நகல் எடுத்து, ரெண்டு பக்கமும் சமமா பங்கு போட்டுக்கும். எண்ணிக்கை மாறாது. ஆனா விந்தணு உண்டாகறப்போ பாதிதான் போகணும், இருபத்துமூணு. அவகிட்டேருந்து ஒரு இருபத்துமூணு. உன்கிட்ட ஒட்டியிருக்கறது அந்தப் பங்கைக் குழப்பிடுது. கருவுல ஒண்ணு கூடிடும், இல்லன்னா குறைஞ்சிடும். அது தங்காது."

"எப்பவுமேவா?"

"சரியாவும் விழும். எப்போன்னு யாராலயும் சொல்ல முடியாது."

அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. "எங்க வம்சத்துல அப்படி யாரும் கிடையாது" என்றார். வாதாட அக்காவுக்குத் தெம்பில்லை. அம்மா கையிலும் ஊசி குத்தி ரத்தம் எடுத்தார். அம்மாவுக்கும் நாற்பத்தைந்து.

கேட்டதும் அம்மா, "உனக்கும் அவனுக்கும் நடுவுல எனக்கும் ரெண்டு கலைஞ்சு போச்சுடி" என்றார். அக்காவுக்கு அதுவரை தெரியாது.

மருமகள் அழவில்லை. "யார் பக்கம்னு தெரிஞ்சுட்டா போன மூணும் வந்துடுமா அண்ணி?" என்று அக்காவிடம் கேட்டுவிட்டுத் துணி மடிக்கப் போனாள்.

நான்காவதும் ஒன்பதாம் வாரத்தில் போயிற்று. அன்று முழுக்க ஆஸ்பத்திரியில் அவளோடு இருந்தது அம்மாதான். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. தலை வாரிவிட்டார், போர்வையை மாற்றினார், அவள் தூங்கியபின் தாழ்வாரத்தில் போய் அழுதார்.

ஐந்தாவது தங்கியது. கருவிலேயே சோதித்தோம். அந்த ஸ்லைடைத் தொட அக்கா மறுத்துவிட்டார்; நான்தான் எண்ணினேன்.

"அப்பா மாதிரியே அக்கா. நாற்பத்தஞ்சு, ஆனா எதுவும் கூடல, குறையல. குழந்தைக்கு ஒண்ணும் இல்ல."

அக்கா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "வளர்ந்து இதுவும் இந்தப் பாடெல்லாம் படணும், பாரு" என்றார்.

பெண் குழந்தை பிறந்தது. அக்கா விடுப்புப் போட்டுவிட்டுப் போய்ப் பார்த்தார், சற்று நேரம் மடியில் வைத்திருந்தார், வீட்டுக்குப் போய் மறுநாள் காலை வரை தூங்கினார்.