மூன்று தரம் கூப்பிட்டேன்

மகளின் கல்வியியற் கல்லூரி விண்ணப்பத்தை அன்று மாலை நான்கு மணிக்குள் அனுப்பியாக வேண்டும். மூன்றே முக்காலுக்கு அவள் கணினியில் 'அனுப்புக' பொத்தானை அழுத்திவிட்டு, "பாத்துக்கொள்ளுங்கம்மா, முகம் கழுவிட்டு வாறன்" என்று கிணற்றடிக்குப் போனாள்.

திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஐந்து நிமிடமாகியும் பதில் இல்லை. எனக்கு ஆத்திரம் வந்தது. எங்கள் ஊர் செட்டிபாளையத்தில் ஒரு வீட்டு வாசல் படலையடியில் நின்று கூப்பிட்டால், உள்ளேயிருந்து குரல் வரும்வரை விடாமல் கூப்பிடுவோம். அப்படித்தான் அந்தப் பொத்தானையும் மூன்று தரம் அழுத்தினேன்.

முகத்தில் ஈரத்தோடு ஓடி வந்தவள் என் கையைத் தட்டிவிட்டாள்.

"என்னம்மா செய்றீங்க? நீங்க அமத்தின ஒவ்வொரு தரமும் சேர்வருக்குப் புதுசா ஒரு விண்ணப்பம் போயிருக்கும். நான் அனுப்பினது அங்க எப்பவோ போய்ச் சேந்திருக்கும். பதில் வரத்தான் சுணங்குது."

ஒருவர் ஒன்றுக்கு மேல் அனுப்பினால் எல்லாமே நிராகரிக்கப்படும் என்று அதே பக்கத்தில் சிவப்பெழுத்தில் இருந்தது. அதை நான் அப்போதுதான் படித்தேன்.

அவளுடைய போன் சிணுங்கியது. 'உங்கள் விண்ணப்பம் கிடைத்தது.'

நான் மூச்சு விட்டேன். அவள் விடவில்லை. போனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அது மறுபடியும் சிணுங்கியது.